பூச்சி சாரின் பத்து விரல்கள்

மண்டியிட்டு உட்கார்ந்து, வலது காதை மாவு மூட்டையின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறார். பின்னால் வருபவர்களைப் பார்த்து இடது கை நீண்டிருக்கிறது. மூச்சுக்கூட விடக்கூடாது என்று அர்த்தம். மூட்டை ஏற்றுகிறவர்கள் தள்ளுவண்டியோடு அப்படியே நிற்கிறார்கள். போன வருடம் ஒருவர் அந்த நேரம் பார்த்துத் தும்மித் தொலைத்துவிட்டார். "தும்மல் தானா வந்துச்சா, இல்ல வேணும்னே தும்முனியா?" என்று மதியம் வரை விசாரணை நடந்தது. அரை நிமிடம் கழித்து எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார். வண்டி நகர்கிறது. வெறுமனே "ஒண்ணும் இல்ல" என்று அவர் சொல்லி அந்த மாவு ஆலையில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

சேமிப்புப் பாதுகாப்பு ஆய்வாளர் என்பது பலகையில் எழுதியிருக்கும் பதவி. ஆனால் மேலாளரிலிருந்து லாரி ஓட்டுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் பூச்சி சார்தான். முன்னால் "சார்", முதுகுக்குப் பின்னால் வெறும் "பூச்சி". அது அவருக்கும் தெரியும். யார் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்பதும் தெரியும்.

ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, கொஞ்சம் முன்னால் தள்ளிய கழுத்து. முப்பது வருடமாக மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள ஒன்றரை அடிச் சந்தில் நடந்து நடந்து, திறந்த தெருவிலும் ஒருக்களித்தே நடக்கிறார். சட்டைப்பையில் ஒரு டார்ச், பூதக்கண்ணாடி, இடுக்கி, நீளக் குச்சியில் பொருத்திய வட்டக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை அலமாரிக்கு அடியில் விட்டுப் பார்ப்பார். அது தொழில். ஆனால் மச்சினன் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில் சோபாவுக்கு அடியில் விட்டுப் பார்த்தாரே, அதற்கு என்ன பெயர் சொல்வது? மச்சினன் பெண்டாட்டி அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடுவதில்லை. "அப்போ ஏதோ இருக்கு. இல்லைன்னா கூப்பிட்டிருப்பா" என்கிறார் இவர்.

மனிதர்கள் மீது சந்தேகம் அவருக்குப் பிற்பாடு வந்தது. முதல் சந்தேகம் மற்ற உயிர்கள் மீது. புறாவைச் சாது என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். "சாதுவா? கூரைல நின்னுக்கிட்டு, கதவு எத்தனை மணிக்குத் திறக்குது, எத்தனை மணிக்கு மூடுதுன்னு பாத்துக்கிட்டிருக்கு. நம்ம காவல்காரருக்குக்கூட அந்த நேரம் ஞாபகம் இருக்காது." பூனை விஷயத்தில் இன்னும் கறார். "பூனை நமக்காக எலி புடிக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னது? அது தனக்குப் புடிக்குது. நாம நடுவுல பூந்து நன்றி சொல்லிட்டிருக்கோம்." ஈ காலைத் தேய்ப்பதைப் பார்த்தால், எதற்குத் தயாராகிறது என்று நின்று கவனிப்பார். தொட்டிச் செடிகூட நம்பத் தகுந்ததல்ல. வேர் எந்தப் பக்கம் போகிறது என்று வெளியில் தெரிவதில்லையாம்.

இதற்கெல்லாம் அடியில் அவர் ஒரு கொள்கை வைத்திருக்கிறார். டீ குடிக்கும் நேரத்தில் ஆள் கிடைத்தால் விடமாட்டார். "பல்லு மத்ததுக்கும் இருக்கு. மூளை காக்காவுக்கும் இருக்கு. ஆனா கதவுன்னு ஒண்ணு கண்டுபுடிச்சது மனுசன் ஒருத்தன்தான். அதுக்கப்புறம்தான் உள்ள, வெளியன்னே ஆச்சு. உள்ள நாம. வெளிய மத்ததெல்லாம். அந்தக் கதவ ஒழுங்கா சாத்துனா போதும், மனுசன் ஜெயிச்சுடுவான்."

அவர் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். இந்தக் கொள்கையைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக் காது புளித்தவள். "எறும்புப் புத்துக்கும் வாசல் இருக்கே?" என்று ஒரு தடவை மடக்கிப் பார்த்தாள்.

"வாசல் இருக்கு. கதவு இருக்கா?"

"நம்ம வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்கு. அதுங்க எந்தக் கதவத் தட்டிட்டு வந்துச்சாம்?"

அதற்குப் பிறகு அவர் இரண்டு நாள் வயிற்றைத் தடவிக்கொண்டு உம்மென்று இருந்தார். தன் வயிற்றின் மீதே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

ஆலையில் அவருடைய முதல் எதிரி அந்துப்பூச்சி. அரிசி மணியை நீட்டிவிட்ட அளவுதான் இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த இறக்கை. அது ஒன்றும் கடிக்காது. மாவில் முட்டையிடும், புழு நூல் கட்டும், மாவு கட்டி தட்டும். வாங்கியவர் பையைத் திறந்து ஒரு புழுவைப் பார்த்துவிட்டால் ஆலையின் மானம் கப்பலேறிவிடும். ஆகவே கிடங்கு முழுக்கப் பொறிகள் தொங்கவிட்டிருக்கிறார். முக்கோணமாக மடித்த அட்டை, உள்ளே பசை, நடுவில் பட்டாணி அளவு ரப்பர் துண்டு. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைத் தயாரித்து அந்த ரப்பரில் ஏற்றியிருக்கிறார்கள். நாம் மூக்கில் வைத்து உறிஞ்சினாலும் ஒன்றும் தெரியாது. ஆண் பூச்சிக்குக் கிடங்கின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்துவிடும். கல்யாணம் நிச்சயமாகிவிட்ட சந்தோஷத்தில் பறந்து வந்து பசையில் உட்காரும். மறுநாள் காலை பூச்சி சார் எண்ணிப் பதிவேட்டில் எழுதுவார்.

அந்த ரப்பரை உறை மாட்டிய கையால்தான் தொட வேண்டும் என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது. அச்சடித்ததை எல்லாம் நம்புகிறவரா அவர்? "உறை விக்கிறவன் எழுதுனது. உறை போட்டா விரலுக்குக் கண்ணு தெரியாதுங்க" என்பார். வெறும் கையாலேயே பிரித்து, வெறும் கையாலேயே மாட்டுவார். மீந்த துண்டுகள் சட்டைப்பைக்குப் போகும்.

இந்த மனிதர் ஒரு தவறு செய்தார். வேறு யாராலும் செய்திருக்க முடியாத தவறு. அதைச் சொன்னால்தான் ஆள் யாரென்று விளங்கும்.

கிடங்கைப் பெருக்குகிறவரை எல்லாரும் அக்கா என்பார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். பதினொரு வருடமாகப் பெருக்குகிறார். வீட்டில் சம்பாத்தியம் அவர் ஒருத்தருடையது. மாமியாரும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களும் அதை நம்பி இருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. வாய்த் துடுக்கு உண்டு. பூச்சி சார் சந்துக்குள் ஒருக்களித்துப் போகும்போது, "சார், அப்படியே அந்தப் பக்கம் ஒட்டடையும் உங்க சட்டைல எடுத்துட்டு வந்துடுங்க. எனக்கு ஒரு வேலை குறையும்" என்பார். இவருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. ஆலையில் சிரித்துக்கொண்டே இருப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவருடைய கேள்வி.

ஒரு திங்கட்கிழமை, ஊழியர்கள் பை வைக்கும் இரும்பு அலமாரி வரிசையில், அக்காவின் கதவு மேல் ஒரே ஒரு அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். பூச்சி சாருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

அலமாரியைத் திறக்கச் சொன்னார். அக்கா திறந்தார். சாப்பாட்டு டப்பா, மாற்று உடுப்பு, சீப்பு, ஒரு எண்ணெய்ப் புட்டி, கதவின் உட்பக்கம் ஒட்டிய பெண்கள் இருவரின் புகைப்படம். ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி, தட்டி, விரலால் தடவிப் பார்த்தார். புகைப்படத்தின் ஓரத்தைக்கூட நகத்தால் நெம்பினார். ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கதவில் மூன்று பூச்சி. மறுபடியும் சோதனை; டப்பாவின் மூடி, அடிப்பாகம், பையின் தையல் எல்லாம். புதன்கிழமை ஆறு. வெள்ளிக்கிழமை பதினான்கு. பக்கத்து அலமாரிகளில் ஒன்றுகூட இல்லை. அவற்றை அவர் திறக்கவும் இல்லை. எங்கே சந்தேகமோ அங்கேதானே சோதனை?

"வீட்லேருந்து வருது. டப்பால வருது, இல்ல துணில வருது. எப்படின்னு கண்டுபுடிக்காம விடமாட்டேன்" என்றார்.

அக்காவுக்கு முதலில் சிரிப்பு, பிறகு எரிச்சல், கடைசியில் பயம். "சார், என் வீட்டுக்கு வந்து பாருங்க. ஒரு பூச்சி இருந்தா காட்டுங்க. பதினொரு வருஷமா நான் பெருக்காத இடம் இங்க ஒண்ணு கிடையாது. என்கிட்டேருந்து வர்றதா இருந்தா எல்லா இடத்துக்கும் வரணும். அலமாரிக்கு மட்டும் ஏன் வருது?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றார் பூச்சி சார்.

இரண்டாவது வாரமும் இதே கதை. அவர் தினமும் தடவினார். பூச்சியும் தினமும் கூடியது. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அறிக்கை எழுதி மேலாளர் மேசையில் வைத்தார். எண்ணிக்கையெல்லாம் கட்டம் போட்டு இருந்தது; பார்த்தால் யாரும் மறுக்க முடியாது. மேலாளர் கெட்டவர் அல்ல. மாதக் கடைசியில் வெளியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள் என்ற பயம் அவருக்கு. சனிக்கிழமையோடு அக்காவை அனுப்பிவிடுவதாகக் கடிதம் தயாரானது. அதில் ஒரு வரி: "சுகாதாரக் குறைபாடு காரணமாக". அந்த ஒரு வரி போதும். பிஸ்கட் செய்கிற இடத்திலோ பேக்கரியிலோ ஒருத்தரும் வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள். அந்த ஊரில் அக்காவுக்குத் தெரிந்த வேலை இருக்கும் இடங்கள் அவ்வளவுதான்.

"சார், அந்த ஒரு வரிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க. வேலை போனாப் போகட்டும்" என்று அக்கா பூச்சி சாரிடம் வந்து நின்றார். துடுக்கு எல்லாம் எங்கோ போயிருந்தது.

"நான் எழுதுனது எண்ணிக்கை மட்டும்தாம்மா. பூச்சி பொய் சொல்லாது" என்றார் இவர். உண்மையில் அந்த நிமிடம் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வேலையிலிருந்து வந்த மனைவி, பால்கனிக் கொடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள்.

"இங்க வாங்களேன். உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க."

கொடியில் போர்வை, இரண்டு தலையணை உறை, மனைவியின் வெள்ளைச் சீருடை. கடைசியில் இவருடைய சட்டை. துவைக்காமல் காற்றாடப் போட்டிருந்தது. ஒரு சட்டையை இரண்டு நாள் போடுகிற ஆள். சட்டை மேல் ஒன்பது அந்துப்பூச்சி. போர்வையில் ஒன்றும் இல்லை, சீருடையிலும் ஒன்றும் இல்லை.

உடனே சமையலறைக்குப் பாய்ந்தார். ஒவ்வொரு டப்பாவாக இறக்கி, கவிழ்த்து, தட்டி, டார்ச் அடித்து, உப்பு ஜாடியைக்கூட விட்டுவைக்காமல் அலசினார். தரையெல்லாம் டப்பா. மனைவி டீயை எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்கியா? உண்மையச் சொல்லு."

"ஆமா. உங்களுக்குத் தெரியாம பூச்சி வளத்து உங்க சட்டைக்கு மட்டும் அனுப்புறேன். வேற வேலை இல்ல பாருங்க எனக்கு." ஒரு வாய் டீ குடித்தாள். "அதுவும் சட்டை முழுக்க உக்காரல. பையோரத்துல நாலு. வலது கைல ரெண்டு. பொத்தான்ல ஒண்ணு. காலருக்குப் பின்னாடி ரெண்டு. அந்த இடம் மட்டும் என்ன ஸ்பெஷலு?"

பூச்சி சார் பால்கனிக்குத் திரும்பி வந்து சட்டையைப் பார்த்தார். யோசிக்கும்போது பிடரியைச் சொறிகிற பழக்கம் அவருக்கு உண்டு. இப்போதும் கை தானாக அங்கே போனது. போன கை பாதியில் நின்றுவிட்டது.

"கையா?" என்றார்.

"என்ன கை?"

"கை தொட்ட இடம்."

"வார்டுல இதச் சொல்லித்தானே நாங்க தினமும் தலைல அடிச்சுக்குறோம்? பாதி நோய் கைல ஏறித்தான் அடுத்த கட்டிலுக்குப் போகுது. ஒருத்தரத் தொட்டுட்டு இன்னொருத்தரத் தொடுறதுக்கு முன்னாடி கை கழுவணும். உறை போடுங்கன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன், கேட்டாத்தானே?"

அவர் அன்று சாப்பிடவில்லை.

ஆனாலும் பூச்சி சார் பூச்சி சார்தான். பெண்டாட்டி சொன்னாள் என்பதற்காக ஒன்றை நம்பிவிடுவாரா? மறுநாள் கிடங்கின் வடக்கு மூலையில், பூச்சியே உட்கார்ந்திராத ஒரு சிமென்ட் தூணைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து விரலையும் விரித்து அதன் மேல் ஒரு நிமிடம் அழுத்தினார். பக்கத்துத் தூணைத் தொடவில்லை. சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் வந்து நின்றார்.

கால் மணி நேரத்தில் முதல் பூச்சி வந்தது. நேராக வந்து ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் உட்கார்ந்தது. பிறகு கட்டைவிரல் இடத்துக்கு ஒன்று. பிறகு இன்னும் இரண்டு. இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, வாலை வளைத்துக்கொண்டு, வெறும் சிமென்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. பக்கத்துத் தூணில் ஒன்றும் இல்லை. மெதுவாகச் சுட்டுவிரலை நீட்டினார். ஒரு பூச்சி தூணை விட்டுவிட்டு விரலில் ஏறியது. நகத்தைச் சுற்றி ஓடியது. கணுவில் நின்று இறக்கையை அடித்தது. அவ்வளவு ஆசையோடு அவரை இதுவரை யாரும் தொட்டதில்லை.

முப்பது வருடமாக இதுகளைத் தான் வேவு பார்ப்பதாக நினைத்திருந்தார். கதவுக்கு உள்ளே தான், வெளியே அதுகள். இந்த அரிசி மணி அளவு உயிரோ அவரை ஆய்வாளர் என்றும் பார்க்கவில்லை, மனுசன் என்றும் பார்க்கவில்லை. கல்யாணப் பெண் என்று பார்த்தது. அவமானமாக இருந்தது. ஆனால் அடுத்த நினைப்பு வந்ததும் அந்த அவமானம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. ஒன்று, மூன்று, ஆறு, பதினான்கு. அக்காவின் அலமாரியில் பூச்சி கூடியது, அவர் தடவத் தடவக் கூடியது. டப்பாவைத் தொட்டது அவர் கை. புகைப்படத்தை நெம்பியது அவர் நகம். முதல் நாள் வந்த அந்த ஒற்றைப் பூச்சி வழி தவறி வந்தது. மீதியை எல்லாம் இவர்தான் விரலால் கூப்பிட்டிருக்கிறார்.

இப்போது நல்ல மனிதராக ஓடிப் போய் உண்மையைச் சொன்னார் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. முதல் காரியமாக, வெள்ளிக்கிழமை காலை ஒருத்தரும் வருவதற்கு முன் வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, அக்காவின் அலமாரியை உள்ளும் புறமும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். யாருக்கும் தெரியாது. யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. கண்டுபிடிக்கிற ஆள் அந்த ஆலையில் அவர் ஒருத்தர்தான். வாயைத் திறந்தால் அவருடைய ஆய்வாளர் உரிமம் போகலாம். அதுகூடப் பரவாயில்லை. அவர் அறிக்கையை நம்பி இதற்கு முன் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் மூன்று பேர். ஒரு மூட்டை தைக்கிறவர், ஒரு காவல்காரர், சல்லடைப் பகுதியில் ஒரு பெண். அவர்களுடைய அலமாரியையும் இவர் தினமும் தடவித்தான் பார்த்தார். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார்.

அன்று அக்காவின் அலமாரியில் இரண்டே பூச்சி. அதைப் பார்த்த மேலாளர் அவர் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா சார்? அந்தம்மாகிட்ட லெட்டர் விஷயத்தச் சொன்னதும் பூச்சி தன்னால குறைஞ்சிடுச்சு. உங்க கணக்கு தப்பவே தப்பாது."

பூச்சி சார் தோளை விலக்கிக்கொண்டார். தான் மறைக்கப் போனது அக்காவின் தலையில்தான் இன்னும் ஒரு கல்லாக விழுந்திருக்கிறது. அன்று முழுக்கச் சந்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். எந்த மூட்டையிலும் காது வைக்கவில்லை. மூட்டை ஏற்றுகிறவர்கள் அதற்காகவும் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கடிதத்தில் கையெழுத்துப் போட மேலாளர் அறைக்கு வந்தார். கையில் துணிப்பை, அலமாரியைக் காலி செய்தாகிவிட்டது. பேனாவை எடுக்கப் போன நேரம் பூச்சி சார் உள்ளே நுழைந்தார்.

"ஒரு நிமிஷம். லைட்ட அணைங்க. கிடங்குப் பக்கத்துக் கதவத் திறந்து வைங்க."

"எதுக்கு சார்?"

"திறங்க, சொல்றேன்."

கதவைத் திறந்துவை என்று பூச்சி சார் சொல்லி மேலாளர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதிலேயே மிரண்டுபோய்த் திறந்துவிட்டார். பூச்சி சார் புது ரப்பர் துண்டு ஒன்றைப் பிரித்து, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து, துண்டைத் திரும்ப டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, வராந்தாவில் வைத்துவிட்டு வந்தார். அந்தக் கட்டைவிரலை மேசை மேலிருந்த கடிதத்தில் அழுத்தினார். சரியாக "சுகாதாரக் குறைபாடு" என்ற வரியில். பிறகு இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

"என்ன சார், மேஜிக்கா?" என்றார் மேலாளர். யாரும் சிரிக்கவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பூச்சி சாருக்கு ஒரு நப்பாசை. ஒன்றுமே வராமல் போய்விட்டால் எவ்வளவு நிம்மதி. அப்படி நினைத்ததற்காக அடுத்த கணமே தன் மேல் கோபம் வந்தது.

ஒன்று வந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குப் போகவில்லை. மேசையை இரண்டு வட்டம் அடித்து, கடிதத்தில் கட்டைவிரல் பட்ட இடத்தில் இறங்கி இறக்கையை அடிக்க ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னொன்று.

முதலில் புரிந்துகொண்டவர் அக்காதான்.

"அப்போ என் அலமாரில..."

"நான்தாம்மா."

"என் டப்பால?"

"எல்லாமே என் கைதான். பூச்சி உன்கிட்ட வரல. நான் தொட்ட இடத்துக்கு வந்துச்சு."

நன்றி என்றோ பரவாயில்லை என்றோ அக்கா சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தால் உங்களுக்கு அக்காவைத் தெரியாது. "மூணு வாரம் சார்" என்றார். "மூணு வாரமா என் வீட்ல மாவு டப்பாவ ராத்திரியும் பகலும் கொட்டிக் கொட்டிப் பாத்திருக்கேன். என் மாமியாரத் திட்டியிருக்கேன். பசங்க பள்ளிக்கூடப் பைய உதறி, நீங்கதான்டி எதையோ கொண்டு வர்றீங்கன்னு சின்னவள அடிச்சிருக்கேன் சார். அவ என்ன பண்ணா?"

பூச்சி சார் கையை அக்குளுக்குள் இன்னும் ஆழமாகச் சொருகிக்கொண்டார்.

மேலாளர் கடிதத்தை எடுத்து, பூச்சியை ஊதிவிட்டு, நான்காகக் கிழித்தார். "சரி, முடிஞ்சு போச்சு. இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா தணிக்கைக்காரங்க நம்மளப் பிச்சு எடுத்துடுவாங்க. உங்க உரிமமும் இருக்கு, யோசிங்க."

"எழுதிட்டேன் சார்" என்றார் பூச்சி சார். உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். வழக்கமான அறிக்கைத் தாள்தான். "பூச்சி வந்த வழி" என்ற கட்டத்தில் அவருடைய சின்ன, சாய்ந்த எழுத்தில் "ஆய்வாளரின் கை" என்று இருந்தது. அதற்குக் கீழே, முன்பு அனுப்பப்பட்ட அந்த மூன்று பேரைப் பற்றிய பழைய அறிக்கைகளின் தேதிகளையும் எழுதி, மறுபடி விசாரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். மேலாளர் அதைப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

உரிமம் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அதுவரை வேலைக்கு வரலாம் என்று விட்டிருக்கிறார்கள். மூட்டை தைத்தவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார், திரும்பி வர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாராம். மற்ற இருவரைப் பற்றித் தகவல் இல்லை. பூச்சி சார் புறாவை இன்னும் நம்பவில்லை. பூனையையும் நம்பவில்லை. ஆனால் டீ நேரத்தில் கதவுக் கொள்கை வருவதில்லை. யாராவது வேண்டுமென்றே, "சார், மனுசன் ஜெயிச்சுட்டானா?" என்று சீண்டினால், "முதல்ல அவனச் சோதனை போடணும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறார்.

கிடங்கு வாசலில் இப்போது ஒரு குழாயும் சோப்பும் வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிற எல்லாரும் கையைக் கழுவிக் காட்ட வேண்டும். யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, அக்கா பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுத்தது பூச்சி சார்தான். "எனக்குப் பெருக்குற வேலையே தலைக்கு மேல இருக்கு" என்று அக்கா முணுமுணுத்தார். ஆனால் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வரிசையில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்குப் பின்னால் பூச்சி சார் நிற்கிறார். மற்றவர்களை அக்கா ஒரு பார்வையில் விட்டுவிடுகிறார். இவர் முறை வருகிறது. இரண்டு கையையும் நீட்டுகிறார். அக்கா உள்ளங்கையைப் பார்க்கிறார். திருப்பிப் பார்க்கிறார். விரல் விரலாகப் பிரித்து, ஒவ்வொரு நகத்தின் இடுக்கையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. இரண்டு பேர் தொண்டையைக் கனைக்கிறார்கள்.

"கழுவிட்டு வாங்க."

"மூணு தடவை கழுவிட்டேம்மா."

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பூச்சி சார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வரிசையை விட்டு விலகி, குழாயை நோக்கி நடக்கிறார்.